மணிப்பூ நடப்போகிறீர்களா? முதலில் வேலியோரத்தைப் பாருங்கள்

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் கோடையில், பின்வளவு வேலியோரம் முழுக்க ஊதாப் பூக்கள். இடுப்பளவு உயரத் தண்டு, அதன் ஒரே பக்கத்தில் மணி மணியாகத் தொங்கும் பூ. முன்பு இருந்தவர்கள் ஆசையாக வைத்துவிட்டுப் போன கன்று என்று நினைத்து இரண்டு வருடம் தண்ணீர் விட்டு வளர்த்தேன். மூன்றாம் வருடம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒதுக்கியிருந்த பாத்தியில் பாதி அதுதான் நின்றது. மண்ணைக் கிளறினால் வெள்ளை நூல் போல வேர். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் விரல் தடிப்பில் கிழங்கு. அதை முழுதாக வெளியே எடுக்க எனக்கு நான்கு கோடை தேவைப்பட்டது.

அதுவும் ஒரு மணிப்பூதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். மணிப்பூவைப் போல வடிவான, அதிகம் கேட்காத பூக்கன்று இந்த நாட்டுத் தோட்டத்துக்குக் குறைவு. ஆனால் எந்த மணிப்பூ என்று தெரியாமல் தொடங்கக்கூடாது.

மணிப்பூ என்று நான் இங்கே சொல்வது கம்பானுலா இனத்தை. லத்தீனில் கம்பானா என்றால் மணி, கம்பானுலா என்றால் குட்டி மணி. 400-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அநேகமாக எல்லாம் பூமியின் வடபாதியைச் சேர்ந்தவை. ஊரில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வளர்த்த கைக்கு இது புதுப் பழக்கம். ரொறன்ரோக் குளிரைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். நான் கீழே சொல்லும் பல்லாண்டு வகைகள் சுழியத்துக்குக் கீழே 30 பாகையையும் தாங்கும். அவை சாவது பெரும்பாலும் வேரடியில் தண்ணீர் தேங்கித்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் பழகிவிடும்.

முதல் வேலை: வளவில் ஏற்கெனவே நிற்பது என்ன?

களையாகப் பரவும் வகையை ஆங்கிலத்தில் கிரீப்பிங் பெல்ஃபிளவர் என்பார்கள். படர் மணிப்பூ என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, தோட்டத்தைவிட்டு வெளியேறிவிட்ட செடி. அல்பேர்ட்டா மாகாணத்தில் சட்டப்படியே அது தீங்கான களை. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஜூலை மாதம் ஒரு வேலியோரத்திலாவது காணலாம்.

அடையாளம் இதுதான். வசந்தத்தில் தரையோடு வரும் இலைகள் இதய வடிவம், ஓரம் வாள்பல் போல, நீண்ட காம்பு. தண்டில் மேலே போகப் போக இலை ஒடுங்கி ஈட்டி முனை போலாகும். பூக்கள் தண்டின் ஒரு பக்கமாகவே சாய்ந்து தொங்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு முள்ளுக் கரண்டியை, சமையலறைக் கரண்டியை அல்ல, தோட்டத்து நான்குமுள் கருவியை, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்திக் கிளப்பிப் பாருங்கள். மெல்லிய வெள்ளை வேர்களோடு, கீழே கரட் போன்ற கிழங்கு இருந்தால் அதேதான்.

ஒன்ராறியோவின் சொந்த மணிப்பூ ஒன்று இருக்கிறது, ஹெயார்பெல் என்பார்கள். இரண்டையும் குழப்பி அதைப் பிடுங்கிவிடாதீர்கள். அதன் தண்டிலுள்ள இலை நூல் போல மெல்லியது, செடியே முழங்கால் உயரம்கூட வராது. புரூஸ் தீபகற்பத்தில் ஏரிக்கரைச் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் அது தானாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, மண் அதிகம் கேட்காத செடி என்பது உடனே விளங்கும்.

படர் மணிப்பூ இருந்தால், வேறு எதுவும் நடுவதற்கு முன் அதை அகற்றத் தொடங்குங்கள். நல்ல மழை பெய்து மண் இளகிய மறுநாள் போங்கள். கையால் இழுக்க வேண்டாம். தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். முள்ளுக் கருவியால் ஓர் அடி ஆழம்வரை கிளப்பி, மண்ணை விரலால் உதிர்த்து, நூல் வேரையும் கிழங்கையும் பொறுக்குங்கள். விடுபட்ட துண்டு இரண்டு மூன்று கிழமையில் திரும்ப இலை விடும், விட்டவுடன் அதையும் கிளப்புங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும் என்பதால், தோண்ட நேரம் இல்லாத கிழமையிலாவது பூந்தண்டை வெட்டிவிடுங்கள். வெட்டியதையும் கிழங்கையும் வீட்டு உரக்குவியலில் போடக்கூடாது, அங்கேயே முளைக்கும். களைகொல்லி அடிக்கலாமே என்று கேட்பீர்கள். அழகுத் தோட்டத்துக்கு அநேகமான களைகொல்லிகளை ஒன்ராறியோ 2009-இலேயே தடைசெய்துவிட்டது. தடைக்கு முன் புல்தரைக்கு அடித்த சாதாரண மருந்துக்கும் இந்தச் செடி பெரிதாக மசியாது. தோண்டுவதுதான் வழி. முதல் வருடம் மலைப்பாக இருக்கும், இரண்டாம் வருடம் பாதி ஆகும்.

இன்னொன்று. ஃபொக்ஸ்குளோவ் என்ற செடியின் பூவும் மணி போலவே தொங்கும். உயரமான ஒற்றைத் தண்டு, பூவின் உட்பக்கம் புள்ளி புள்ளியாக இருக்கும். இருதய நோய்க்குக் கொடுக்கும் டிஜொக்சின் மருந்தின் குடும்பத்துப் பொருட்கள் அதன் எல்லாப் பாகத்திலும் உண்டு, கடித்தால் நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைக்கவேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். கம்பானுலாவில் அந்த ஆபத்து இல்லை.

எதை வாங்குவது

தோட்டக்கடையில் லேபலைப் பார்க்காமல் பூவைப் பார்த்து வாங்காதீர்கள். கம்பானுலா என்ற முதல் சொல்லோடு இரண்டாவது சொல்லும் இருக்கும், அதுதான் முக்கியம்.

முதன்முதலாக வைப்பவருக்கு என் தெரிவு கார்பட்டிகா. கார்பேத்திய மலைகளின் செடி. ஒரு சாண் உயரக் குமிழாக நின்று, ஜூனில் நீலமோ வெள்ளையோ கிண்ணம் கிண்ணமாக மேல்நோக்கிப் பூக்கும். 'புளூ கிளிப்ஸ்' என்ற ரகம் எங்கும் கிடைக்கும். பாத்தியின் முன்வரிசைக்கு, நடைபாதை ஓரத்துக்கு இதுவே போதும்.

பின்வரிசைக்குப் பேர்சிசிஃபோலியா. பீச் மரத்து இலை போல ஒடுங்கிய இலை என்பதால் அந்தப் பெயர். இரண்டரை, மூன்று அடித் தண்டில் அகன்ற மணிகள். வெட்டிச் சாடியில் வைத்தால் ஒரு கிழமை நிற்கும். கல் இடுக்கு, கட்டுச்சுவர் இருந்தால் போர்ட்டென்ஷ்லகியானா: குரோஷியாவின் டல்மேஷியக் கரை மலைகளிலிருந்து வந்தது, தரையோடு பாய் விரித்தது போலப் படரும், ஆனால் பிடுங்கினால் வந்துவிடும்.

கான்டபரி பெல்ஸ் என்று விற்கும் மீடியம் வகையின் பூ எல்லாவற்றிலும் பெரியது, படம் பார்த்தே வாங்கத் தோன்றும். அது இருவருடச் செடி. முதல் வருடம் வெறும் இலை, இரண்டாம் வருடம் பூ, அப்புறம் செத்துவிடும். இது தெரியாமல் வாங்கினால் நம்மால்தான் செத்தது என்று மனம் வருந்தும்.

குளொமெராட்டா, புங்டாட்டா என்று எழுதியிருந்தால் அவையும் நல்ல பூக்கள்தான், ஆனால் நிலத்தடியால் பரவும். சின்ன வளவில் புதியவர்கள் தொடவேண்டாம்.

பலூன் ஃபிளவர் கம்பானுலா அல்ல, அதன் ஒன்றுவிட்ட சொந்தம். மொட்டு காற்றடைத்த பை போல ஊதி நிற்கும், பிள்ளைகளுக்கு அதை அமர்த்திப் பார்க்க ஆசை. அதன் வேர்தான் கொரியக் கடைகளில் தொராஜி என்று காய்கறிப் பகுதியில் விற்பது. இதை வைத்தால் நட்ட இடத்தில் ஒரு தடி குத்தி வையுங்கள். மே கடைசிவரைகூட மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது; செத்துவிட்டது என்று நினைத்து அதே இடத்தைக் கொத்திவிடுகிறவர்கள் அதிகம்.

இடமும் மண்ணும்

நாளுக்கு ஆறு மணிநேர வெயில் வேண்டும். காலை வெயில் முழுதாக விழுந்து, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஏதாவது நிழல் வந்தால் இன்னும் நல்லது, ஜூலைச் சூட்டில் பூ சீக்கிரம் வாடாது. கார் நிறுத்தும் பாதையோரம் வேண்டாம். குளிர்காலத்தில் பனி உருகப் போடும் உப்பெல்லாம் அங்கேதான் வழிந்து இறங்கும்.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் அநேகமான வளவுகள் களிமண். ஈரமாக இருக்கும்போது ஒரு பிடி எடுத்து நசுக்குங்கள்; கொழுக்கட்டை மா போல உருண்டு, விரல் அடையாளத்தோடு அப்படியே நின்றால் களி. அப்புறம் தண்ணீர்ச் சோதனை. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிரம்ப ஊற்றி, வடிய விட்டு, இரண்டாம் முறை நிரப்புங்கள். சில மணிநேரத்தில் வடிந்துவிட்டால் போதும். மறுநாள் காலையிலும் அடியில் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் அப்படியே நடாதீர்கள்.

களிமண்ணுக்கு மணல் கலந்தால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். கொஞ்ச மணலும் களியும் சேர்ந்து காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். கூட்டெரு இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, மேல் மண்ணோடு கலந்து, பாத்தியை நிலமட்டத்திலிருந்து அரை அடி உயர்த்திவிடுங்கள். உயர்த்திய பாத்தியில் தண்ணீர் தானாக வழிந்துபோகும், வேலை முடிந்தது. சுண்ணாம்பும் தேவையில்லை, தென் ஒன்ராறியோ மண்ணில் அது போதுமானது உண்டு, கம்பானுலாவுக்கும் அது பிடிக்கும்.

நடும் நாள்

நம்மவர்கள் தக்காளியும் மிளகாயும் வெளியே வைக்க விக்டோரியா தின விடுமுறையை, அதாவது மே 25-க்கு முந்திய திங்களை, எல்லையாக வைத்திருக்கிறார்கள். மணிப்பூவுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. வெளியே வைத்து விற்ற கன்று என்றால் மே தொடக்கத்திலேயே நடலாம். கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்ந்த கன்று என்றால் ஒரு கிழமை பகலில் வெளியே, இரவில் உள்ளே வைத்துப் பழக்குங்கள். செப்டம்பரிலும் நடலாம், நிலம் உறைவதற்குமுன் ஆறு கிழமையாவது வேர் ஓட நேரம் கிடைக்கவேண்டும்.

சுப்பர்மார்க்கெட்டில் மார்ச், ஏப்ரலில் கடதாசி சுற்றிய சின்னச் சாடியில் நீலமாகப் பூத்து விற்பதும் மணிப்பூதான். வீட்டுக்குள் வெளிச்சமான, ஹீட்டர் காற்றுப் படாத யன்னலோரத்தில் வைத்துவிட்டு, பூ முடிந்ததும் தூக்கி எறியாமல் மே கடைசியில் வளவில் நடுங்கள். எல்லாம் பிழைக்கும் என்று சொல்லமாட்டேன், என்னுடையவற்றில் பாதி பிழைத்தன.

நடும் முறை எளிது. சாடியளவு ஆழம், அதைப்போல இருமடங்கு அகலத்தில் குழி. கன்றைக் கழற்றும்போது வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் கொஞ்சம் பிரித்துவிடுங்கள். சாடியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள், அதைவிட ஆழமாக வேண்டாம். இலைகள் கிளம்பும் அந்தக் கழுத்து மண்ணுக்குள் போனால் அழுகும். மண்ணை உள்ளங்கையால் அமர்த்துங்கள், காலால் மிதிக்காதீர்கள். குட்டை வகைக்கு ஓர் அடி இடைவெளி, உயர வகைக்கு ஒன்றரை அடி. நட்டவுடன் ஒரு வாளி தண்ணீர் ஆறுதலாக ஊற்றுங்கள்.

கோடை முழுக்க

முதல் கோடையில் கிழமைக்கு ஓர் அங்குலத் தண்ணீர், மழையையும் சேர்த்து. ஒரு வெறும் டப்பாவைப் பாத்தியில் வைத்தால் மழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் விடுங்கள், ஈரமென்றால் விடவேண்டாம். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிடக் கிழமைக்கு இரண்டு தடவை ஆழமாக விடுவது நல்லது. காலையில், வேரடியில். வேரைக் குளிர்ச்சியாக வைக்க மரச்சருகு ஓர் அங்குலம் பரப்பலாம், கழுத்தைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடம் விட்டு.

பசளை என்று கடையில் ஒன்றும் வாங்கவேண்டாம். ஏப்ரல் கடைசியில் ஒரு விரல் தடிப்புக்குக் கூட்டெரு போட்டால் வருடத்துக்குப் போதும். தழைச்சத்து கூடினால் இலை செழித்துத் தண்டு சரியும், பூ குறையும்.

கோடையின் உண்மையான வேலை வாடிய பூவைக் கிள்ளுவது. செய்தால் செப்டம்பர் வரை பூ, செய்யாவிட்டால் ஜூலையோடு சரி. செடி விதை கட்டத் தொடங்கினால் மொட்டு விடுவதை நிறுத்திவிடும். பேர்சிசிஃபோலியாவில் வாடிய பூவை மட்டும் அதன் காம்படியில் கிள்ளுங்கள், பக்கத்திலேயே குட்டி மொட்டு ஒளிந்திருக்கும், அதில் நகம் படாமல். தண்டு முழுக்கப் பூத்து முடிந்த பிறகுதான் அடியோடு வெட்டவேண்டும். கார்பட்டிகாவில் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருக்க முடியாது. ஜூலை நடுவில் முதல் அலை ஓய்ந்ததும் கத்தரிக்கோலால் மேல் மூன்றில் ஒரு பங்கை ஒரேயடியாக நறுக்கிவிடுங்கள். இரண்டு கிழமை மொட்டையாக நிற்கும், பிறகு திரும்பப் பூக்கும். கிள்ளும்போது வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் பால் வரும். எருக்கம் பால் போல அல்ல, சும்மா ஒட்டும், கழுவினால் போய்விடும்.

அந்த வேலையின்போது ஒரு பூவுக்குள் எட்டிப் பாருங்கள். நாளைக்கு விரியப்போகும் மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்தால், ஐந்து மகரந்தப் பைகளும் நடுத்தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும், பூ விரியுமுன்பே தங்கள் தூளையெல்லாம் அந்தத் தண்டில் பூசிவிடும். நேற்று விரிந்த பூவில் பைகள் அடியில் சுருண்டு காய்ந்து கிடக்கும், நடுத்தண்டு மட்டும் மாப் பூசியதுபோல நிற்கும். இரண்டு மூன்று நாள் ஆன பூவில் அதே தண்டின் நுனி மூன்றாகப் பிளந்து வெளிப்புறமாகச் சுருண்டிருக்கும், இப்போது அது வேறு பூவின் தூளுக்குக் காத்திருக்கிறது. ஒரே செடியில் மூன்று நிலையையும் பார்க்கலாம்.

காலை ஏழு மணிக்கு முன் போனால் இன்னொன்றும் காணலாம்: மணிக்குள் சுருண்டு தூங்கும் மெல்லிய கறுப்புத் தேனீ. கெலொஸ்டோமா என்ற இந்தத் தேனீக்களில் இரண்டு வகை ஐரோப்பாவிலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பெண் தேனீ தன் குஞ்சுகளுக்கு மணிப்பூவின் மகரந்தத்தையே சேர்க்கும், ஆண் தேனீக்கு இரவிலும் மழையிலும் படுக்கை இந்தப் பூதான். அதனால் பூவைக் கிள்ளுமுன் உள்ளே பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

உயர வகை சரிந்தால், ஜூன் தொடக்கத்திலேயே மூங்கில் தடி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். சரிந்த பிறகு நிமிர்த்தினால் தண்டு முறியும்.

பூச்சி, நோய் பெரிதாக இல்லை. இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்து, பளபளவென்று கோடு தெரிந்தால் ஓடில்லா நத்தை. இரவு பத்து மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள், அல்லது இரும்புப் பொஸ்பேட் குறுணி போடுங்கள், அது இங்கே அனுமதிக்கப்பட்டது. செடியே ஒரே இரவில் கத்தரித்தது போலக் காணாமல் போனால் முயல். இளம் கன்றைச் சுற்றி இரண்டடி உயரக் கம்பிவலை கட்டுவதைவிட வேறு நல்ல வழி நான் காணவில்லை. செடி தண்ணீர் இருந்தும் வாடி, கழுத்து கறுத்து மெதுமெதுவென்று இருந்தால் அழுகல். அதைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கிவிட்டு, மண்ணை உயர்த்தி, வேறிடத்தில் புதிதாக வையுங்கள்.

குளிர்காலம்

ஒக்டோபரில் காய்ந்த தண்டுகளை மூன்று விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். தரையோடு பச்சையாக இருக்கும் இலைக்கொத்தைத் தொடாதீர்கள், அதுதான் அடுத்த வருடச் செடி. மேப்பிள் சருகு அதன்மேல் ஈரமாகப் படிந்து கிடந்தால் அள்ளிவிடுங்கள்.

பனி பெய்து மூடினால் நல்லது, அது போர்வை. பனியில்லாமல் உறைவதும் உருகுவதுமாக இருக்கும் மார்ச்தான் கெட்ட மாதம். நிலம் பொங்கி இளம் கன்றை வேரோடு மேலே தள்ளிவிடும். அப்படிக் கண்டால் கையால் மெதுவாகத் திரும்ப அமர்த்துங்கள். முதல் வருடக் கன்றுகளுக்கு, டிசம்பரில் நிலம் உறைந்த பிறகு, தளர்வான வைக்கோலோ கிறிஸ்மஸ் மரக் கிளையோ மேலே போட்டால் இந்தப் பொங்கல் குறையும். சாடியில் வைத்திருந்தால் சாடியோடு மண்ணில் புதையுங்கள், இல்லையேல் சூடேற்றாத கராஜுக்குள் வையுங்கள்.

விதையும் பிரித்தலும்

விதை தூசி போல இருக்கும். பெப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில், ஈரமாக்கிய விதைமண்ணின் மேல் தூவிவிட்டு மண்ணால் மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தெளிவான பிளாஸ்ரிக் மூடி, 20 பாகைச் சூடு. இரண்டு முதல் நான்கு கிழமையில் பச்சைப் புள்ளிகள் தெரியும். தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் விதை ஓடிவிடும், தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். கார்பட்டிகாவும் பேர்சிசிஃபோலியாவும் விதையிலிருந்து அநேகமாக இரண்டாம் வருடம்தான் நன்றாகப் பூக்கும்.

மூன்று நான்கு வருடத்தில் செடியின் நடு வழுக்கையாகி, ஓரத்தில் மட்டும் இலை நிற்கும். பிரிக்கும் காலம் வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில், புது இலை ஓர் அங்குலம் வந்ததும், முழுச் செடியையும் கிளப்பி, கூரிய கத்தியால் உள்ளங்கையளவு துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வேரும் தளிரும் இருக்கவேண்டும். நடுவிலுள்ள மரத்துப்போன பகுதியை எறிந்துவிட்டு, மற்றவற்றை உடனே நட்டுத் தண்ணீர் விடுங்கள்.

ஒரு செடியிலிருந்து ஐந்தாறு கன்று வரும், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் வேரை வாளித் தண்ணீரில் அலசி மண்ணை முழுதாகக் கழுவுங்கள். உங்களுக்கு யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாசலிலேயே அதைச் செய்யுங்கள். கழுவிய தண்ணீரில் வெள்ளை நூல் வேர் ஒரு துண்டு மிதந்தாலும் எடுத்துக் குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் கன்றை வளவுக்குள் கொண்டுபோகவேண்டும்.